ரயில் நிற்காத நிலையம்

சிங்கப்பூரின் வட்டப் பாதை ரயிலில் கால்டிகாட் நிலையத்தின் எண் 17. அடுத்து வண்டி நிற்பது பொட்டானிக் கார்டன்ஸில். அதன் எண் 19. நடுவில் இருக்க வேண்டிய 18 வரைபடத்தில் கிடையாது. ஆனால் தரைக்கடியில் இருக்கிறது. என்றாவது இங்கே மக்கள் குடிவருவார்கள் என்று கணக்குப் போட்டு, கூடு மட்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நிலையத்தின் பெயர் புக்கிட் பிரவுன். வண்டி அங்கே நிற்பதில்லை, ஏனென்றால் இறங்கிப் போக வீடுகள் இல்லை. பக்கத்தில் இருப்பவை ஏறக்குறைய ஒரு லட்சம் கல்லறைகள்.

அந்தப் பாதையில் பல வருடம் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். வண்டி கொஞ்சம் கூடுதல் நேரம் இருட்டில் ஓடுகிறதே என்றுகூட ஒருநாளும் நினைத்ததில்லை. என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பர் ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில், "என் தாத்தாவோட கல்லறையத் தேடிப் போறேன், துணைக்கு வர்றியா?" என்று கேட்டார். அவர் அப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, மேடேற முடியாது. கடைசியாகக் குடும்பத்தில் யார் அங்கே போனார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. சரி என்றேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா முகம் மாறியது. "அடுத்தவங்க சுடுகாட்டுக்கு நீ எதுக்குடா போற?" என்றார். சுடுகாடு இல்லம்மா, இடுகாடு என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான். வந்ததும் வாசல்லயே நில்லு. தலைக்குக் குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்." அடுக்குமாடி வீட்டில் வாசலில் நின்று எங்கே குளிப்பது? அம்மாவிடம் அதைக் கேட்க முடியாது.

இடுகாடும் சுடுகாடும் ஒன்றல்ல என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நண்பர் கையில் ஒரு காகிதம் இருந்தது. புக்கிட் பிரவுனின் அடக்கப் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1922-இல் தொடங்கி 1972 வரையிலான பக்கங்களை இணையத்தில் புரட்டலாம். கையால் எழுதிய பெயர், இறந்த வயது, நாள், பிரிவு எண், குழி எண். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் யாரோ ஒரு குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பதால், ஒரே பெயர் நாலு விதமாக இருக்கும். மூன்று இரவு உட்கார்ந்து நண்பர் தன் தாத்தாவைக் கண்டுபிடித்திருந்தார்.

பிரிவும் எண்ணும் தெரிந்துவிட்டால் போதும் என்று நினைத்துப் போனோம். போதவில்லை. உள்ளே நுழைந்ததும் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் இருபுறமும் கை கோத்து நிற்கும் சாலை. அதை விட்டு மேட்டில் ஏறினால் ஆளுயர லாலாங் புல். காலை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவரின் படிக்கட்டு, யாரோ ஒருவரின் திண்ணை. பழைய சீனக் கல்லறைகள் கைவைத்த நாற்காலிபோல இருக்கும். பின்னால் மண் மேடு, இருபுறமும் அணைத்தாற்போல வளைந்து வரும் சுவர், நடுவில் கல், முன்னால் சிறிய முற்றம். ஓரத்தில் நிலத்தைக் காக்கும் மண் தெய்வத்துக்கு ஒரு சின்னக் கல். நம் ஊர் எல்லைச்சாமிதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒன்றரை மணி நேரம் தேடிக் களைத்து நின்றபோது, தொப்பியும் நீளக்கைச் சட்டையும் போட்ட ஒரு ஆன்ட்டி கீழேயிருந்து குரல் கொடுத்தார். எண்ணைக் கேட்டார். "அது இந்த மேடு இல்ல, அடுத்த மேடு" என்று முன்னால் நடந்தார். அவருக்கு எழுபது வயதாவது இருக்கும், எங்களால் பின்தொடர முடியவில்லை. அங்கே தன்னார்வலர்களாக வேலை செய்பவர்களில் அவரும் ஒருவர் என்பது பிறகு தெரிந்தது. புக்கிட் பிரவுனில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர்கூட அடக்கமாகவில்லை.

அடுத்து நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஆன்ட்டி பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலும் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி மென்மையான ஒரு பிரஷும் எடுத்தார். கல்லின் மேல் பாசியும் மண்ணும் படிந்து ஒரே கறுப்பாக இருந்தது. மேலிருந்து மெதுவாகத் தண்ணீரை வழியவிட்டு, எழுத்தின் பள்ளத்தில் பிரஷை வைத்து உள்ளிருந்து வெளியே தேய்த்தார். கல் நனைந்ததும் எழுத்து எழுந்து வந்தது. முதலில் மேலே குறுக்காக இரண்டு எழுத்து: அவர் பிறந்த ஊர். சீனாவில் எந்தக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தாரோ அந்த ஊர். நடுவில் பெரிதாகப் பெயர். ஒரு பக்கம் இறந்த நாள். மறுபக்கம் சின்ன எழுத்தில் வரிசையாக, கல்லை நாட்டிய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள். நண்பர் அந்த வரிசையில் விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இது எங்கப்பா" என்றார். அப்போது அவர் அப்பாவுக்கு ஏழு வயதாம்.

வரும் வழியெல்லாம் நண்பர் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு என் தாத்தா நினைவு.

தாத்தா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எனக்கு ஒன்பது வயதில் இறந்தார். எரித்தோம், சாம்பலைப் படகில் கொண்டுபோய்க் கடலில் கரைத்தோம், திரும்பிப் பார்க்காமல் வந்தோம். நம் முறை அதுதான், அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உடம்பை நெருப்புக்கும் நீருக்கும் கொடுத்துவிட்டு, பந்தபாசத்தை அறுத்து அனுப்பி வைப்பதில் ஒரு பெரிய மனசு இருக்கிறது. ஆனாலும் போய் நிற்பதற்கு எனக்கு ஓரிடம் இல்லை. நனைத்தால் எழுந்து வர எழுத்து இல்லை. வீரன் விழுந்த இடத்தில் பேரையும் பெருமையையும் கல்லில் வெட்டி நட்டவர்கள்தான் நம் முன்னோரும். மூட்டை தூக்கியவனுக்குக் கல் நட வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமையாவது அங்கே போய்விடுகிறேன்.

இந்த மேட்டுக்குப் பெயர் கொடுத்தவர் ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்ற வெள்ளைக்கார வணிகர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே காப்பியும் ஜாதிக்காயும் போட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை. ஆனால் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி பேசும் பெரியவர்கள் இன்றைக்கும் இதைக் 'கோப்பி சுவா', காப்பி மலை என்கிறார்கள். பிறகு இந்த நிலம் ஓங் குலத்தாரின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் சீனர்களுக்கு இடுகாடு என்றால் குலத்துக்கு ஒன்று, பேச்சுமொழிக்கு ஒன்று. எந்தச் சங்கத்தையும் சேராத ஏழைக்கு இறந்த பிறகும் இடம் பிடிக்க முடியாது. எல்லாச் சீனர்களுக்கும் பொதுவாக ஓர் இடுகாடு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, நகராட்சி 1919-இல் 213 ஏக்கரைக் கையகப்படுத்தி, 1922 ஜனவரி 1-ஆம் தேதி திறந்தது. ஹொக்கியன்காரரும் தியோச்சியூக்காரரும் காண்டனீஸ்காரரும் ஒரே வரிசையில் படுத்தது அப்போதுதான். 1973-இல் மூடினார்கள்.

எனக்கு அங்கே முதலில் பிடிபட்டது, நான் தினமும் வாயில் உச்சரிக்கும் பெயர்கள் மனிதர்கள் என்பது. பூன் லே என்றால் எனக்கு மேற்கே ஒரு எம்ஆர்டி ரயில் நிலையம். ஜூ சியாட் என்றால் சாலை. ஹோங் லிம் என்றால் பூங்கா. கான் எங் செங் என்றால் பள்ளிக்கூடம். நாலு பேரும் இந்த மேட்டில் இருக்கிறார்கள். பூன் லேயின் கல்லுக்கு முன்னால் நின்றபோது, இத்தனை வருடம் ஒருவருடைய வீட்டுக்குள் செருப்போடு போய் வந்த மாதிரிக் கூச்சமாக இருந்தது.

இருப்பதிலேயே பெரியது ஓங் சாம் லியோங்குடையது. கிறிஸ்மஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்குக் கூலியாட்களை அனுப்பி வளர்ந்தவர். அவர் கல்லறை மட்டும் கிட்டத்தட்ட 600 சதுர மீட்டர், வீவக என்கிற அரசு வீடமைப்புக் கழகத்தின் மூவறை வீடுகள் பத்தை உள்ளே வைக்கலாம். சுற்றிவரப் பெற்றோரைப் போற்றிய பிள்ளைகளின் கதைகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கூலிகளாய்ப் போனவர்களின் பெயர் அதில் இல்லை. அதே இடுகாட்டின் வேறொரு ஓரத்தில் ஏழைகளின் பகுதி இருக்கிறது. முழங்கால் உயரக் கற்கள், நெருக்கமாக, பாதி மண்ணுக்குள். சில கல்லில் பெயர் ஒன்றுதான், நாட்டிய பிள்ளைகள் யாரும் இல்லை. சுற்றிக் காட்டும் தன்னார்வலர்கள் பெரிய கல்லறைக்குக் கூட்டிப் போகாமல் இருப்பதில்லை, வந்தவர்கள் படமெடுக்க ஆசைப்படுவார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த அந்த ஆன்ட்டி கடைசியில் எல்லாரையும் இந்தப் பக்கம்தான் கொண்டுவந்து நிறுத்துவார். ஒரு நிமிடம் எதுவும் பேச மாட்டார். பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுப்பார்.

நம் கண்ணுக்கு உடனே படுவது வேறொன்று. சில கல்லறைகளுக்கு இருபுறமும் தலைப்பாகை, தாடி, கையில் துப்பாக்கியோடு சீக்கியர் சிலை. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் வங்கிக்கும் கிடங்குக்கும் பணக்காரர் வீட்டுக்கும் காவல் நின்றவர்கள் சீக்கியர்கள். 'ஜாகா' என்பார்கள். தாத்தா அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உயிரோடு இருந்தபோது வாசலில் நின்றவர் இறந்த பிறகும் நிற்கட்டும் என்று கல்லில் வடித்துவிட்டார்கள். ஒரு கல்லறையில் சட்டை, பொத்தான், இடுப்புப் பட்டி எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசியிருக்கிறது. சீக்கியக் குடும்பம் ஒன்று குழந்தைகளோடு வந்து, அந்தச் சிலைக்குப் பக்கத்தில் தாத்தாவோடு நிற்கிற மாதிரி நின்று படமெடுத்துக்கொண்டதை ஒருமுறை பார்த்தேன். சீனருடைய இடுகாட்டில் அவர்களுக்கும் ஒரு மூதாதை கிடைத்துவிட்டார். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

தேதிகளைப் படிப்பது இன்னொரு கல்வி. சீனப் பேரரசரின் ஆட்சியாண்டில் சில. 1912-ஐ முதலாண்டாகக் கொண்ட குடியரசுக் கணக்கில் பல. சிலவற்றில் மட்டும் 2602, 2603 என்று இருக்கும். எதிர்காலத்துத் தேதியா என்று முதலில் விழித்தேன். ஜப்பானியர் ஆண்ட காலத்தில், அவர்களுடைய பேரரசின் ஆண்டுக்கணக்கில் வெட்டிய கற்கள் அவை. 2602 என்றால் 1942. அப்பனைப் புதைக்கும்போதுகூட ஆக்கிரமித்தவனின் ஆண்டைத்தான் எழுத வேண்டியிருந்திருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் குண்டுவீச்சில் இறந்தவர்களை இதே இடுகாட்டில் நீளமான பள்ளம் தோண்டி மொத்தமாகப் புதைத்தார்கள். அவர்களுக்குக் கல் கிடையாது. மேலே புல் வெட்டிய தரை மட்டும் இருக்கிறது, அதன்மேல் நாயைக் கூட்டிக்கொண்டு மக்கள் காலை நடை போகிறார்கள்.

அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் இல்லை. ஓர் இடுகாடு சாகாமல் இருப்பது ஆள் நடமாட்டத்தால்தான் என்று இப்போது நம்புகிறேன். ஓட வருபவர்கள், குதிரையில் வருபவர்கள், கழுத்தில் தொலைநோக்கி மாட்டிக்கொண்டு பறவை பார்க்க வருபவர்கள், நோட்டுப் புத்தகத்தோடு ஓடுகளின் பூவேலையை வரைய வரும் மாணவர்கள். யாருமே வராத இடத்தைத்தான் வெற்று நிலம் என்று வரைபடத்தில் குறிப்பது சுலபம்.

2011 செப்டம்பரில் அப்படித்தான் அறிவிப்பு வந்தது, இடுகாட்டின் ஊடாக எட்டுத் தடச் சாலை என்று. லோர்னி சாலையின் நெரிசலைக் குறைக்க வேண்டும், பின்னாளில் இங்கே வீடுகளும் கட்ட வேண்டும். சின்னத் தீவு, நிலம் போதாது. அந்த வாதத்தை நான் லேசாக எண்ணவில்லை. வீவக வீட்டில் பிறந்து வளர்ந்தவன், என் வீடு நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று நானும் கேட்டதில்லை. பிடாடரியில் 1908-இல் திறந்த இடுகாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவ, முஸ்லிம் கல்லறைகளை 2001 முதல் 2006 வரை தோண்டி எடுத்தார்கள். இன்று அங்கே புத்தம்புது அடுக்குமாடிகள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். இப்போது புதைக்க இடம் தருவது சுவா சூ காங்கில் மட்டும். அங்கேயும் 15 ஆண்டு முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஆனால் புக்கிட் பிரவுனில் ஒன்று வித்தியாசமாக நடந்தது. சாலையை நிறுத்த முடியவில்லைதான். ஆனால் அறிவிப்பைக் கேட்டு, அங்கே யாரும் சொந்தமில்லாதவர்கள் பலர் மேடேறத் தொடங்கினார்கள். வார இறுதிகளில் இலவசமாக மக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொன்னார்கள். 'பிரவுனி' என்று தங்களுக்குப் பேரும் வைத்துக்கொண்டார்கள். மானிடவியலாளர் ஹுய் யூ ஃபூங் தலைமையில் ஒரு குழு, போகப்போகும் ஒவ்வொரு கல்லறையையும் அளந்து, படமெடுத்து, எழுத்தைப் பதிந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் இருக்கும் இடங்களுக்கான தன் 2014-ஆம் ஆண்டுக் கண்காணிப்புப் பட்டியலில் இந்த இடத்தைச் சேர்த்தது. போவதுதான் என்று தெரிந்த பிறகும் ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பதிகிறார் என்றால், அதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

4,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் போயின. எண் எழுதிய முளைக்குச்சிகளை ஒவ்வொன்றின் முன்னாலும் அடித்திருந்தார்கள். சொந்தக்காரர் வந்த இடங்களில் விடியற்காலையில் தோண்டினார்கள், எலும்பின் மேல் வெயில் படக்கூடாது என்று குடை பிடித்துக்கொண்டு. நண்பரின் தாத்தா இருப்பது சாலைக்கு எட்டாத மேட்டில், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் உரிமை கோராத எச்சங்களை எரித்து, சாம்பலை மூன்றாண்டு வைத்திருந்து, அதற்கும் யாரும் வராவிட்டால் கடலில் தூவுவது என்று ஏற்பாடு.

இதை ஆன்ட்டி சொன்ன அன்று நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கல்லில் பெயரும் ஊரும் வெட்டிப் படுத்திருந்தவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்தது, தாத்தா கரைந்த அதே கடல். அவர்களுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் இப்போது இருக்கும் ஒரே வித்தியாசம், அவர்கள் பெயரை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

லோர்னி நெடுஞ்சாலை 2018, 2019-இல் இரண்டு கட்டமாகத் திறந்தது. பிராணிகள் கீழே நடமாட வேண்டும் என்று ஒரு பள்ளத்தாக்கின் மேல் மட்டும் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். அவசரத்துக்கு டாக்ஸி பிடித்தால் நானும் அந்த வழியாகத்தான் போகிறேன். பாலம் வரும்போது பேச்சை நிறுத்திவிடுவேன்.

சீனர்கள் முன்னோர் கல்லறைகளுக்குப் போய் வணங்கும் நாள் சிங் மிங். போன சிங் மிங்குக்கு, ஏப்ரல் தொடக்கத்தில், நண்பர் குடும்பம் முழுக்க வந்தது. அந்த நாட்களில் இடுகாட்டுச் சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். மேடெல்லாம் ஊதுபத்திப் புகை, காகிதப் பணம் எரியும் வாசனை, பாராங் கத்தியால் புல் வெட்டும் சத்தம். காற்றில் பறக்காமல் இருக்கச் சின்னக் கல் வைத்து, வண்ணக் காகிதத் துண்டுகளை மேட்டின்மேல் பரப்புவார்கள். 'நாங்கள் வந்து போனோம்' என்பதற்கு அதுதான் அடையாளம். நண்பரின் அப்பாவை இரண்டு பேரன்கள் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்தவர், சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறக்கச் சொன்னார். எழுத்துகளுக்கு அவரே வண்ணம் தீட்டினார். கை நடுங்கியது, நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். தன் அப்பா பெயரை முடித்தார், அண்ணன்கள் பெயரை முடித்தார். தன் பெயர் வந்ததும் தூரிகையைப் பேத்தியிடம் கொடுத்து, "இதை நீ போடு" என்றார்.

வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். தாத்தா பிறந்த ஊரின் பெயரைக் கேட்டேன். மன்னார்குடி என்றுதான் எப்போதும் சொல்வார்கள், அது தபால் போன ஊர். அம்மா யோசித்து, ஊருக்குள்ளே ஒரு தெரு, தெருவைத் தாண்டி ஒரு வாய்க்கால், வாய்க்கால் கரையில் ஒரு குக்கிராமம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். எந்த வருஷம் கப்பலேறினார், கப்பல் எத்தனை நாள் வந்தது, துறைமுகத்தில் எத்தனையாவது கிடங்கு. தெரிந்ததைச் சொன்னார். தெரியாததுக்கு, "பெரியம்மாவைக் கேளு, அவங்களுக்கு எல்லாம் ஞாபகமிருக்கும்" என்றார். மாமாக்கள் பெயரை வயசு வரிசைப்படி எழுதினேன்.

அம்மா நோட்டை எட்டிப் பார்த்தார்.

"அந்தச் சீனங்க கல்லுல பொம்பளப் புள்ளைங்க பேரும் எழுதியிருக்காங்களா?"

நிறைய கல்லில் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப பெரியம்மா பேரையும் போடு. அவங்கதான் மூத்தவங்க, மேல போடு. அதுக்கப்புறம் என் பேரு. இனிஷியல் உங்கப்பா பேர்ல போடாத, எங்கப்பா பேர்ல போடு."